குஞ்சப்பனைக்கு மேலே, ஒற்றைத் தடம்

மண் சரிந்து பாதிச் சாலை போனபின்
மேல்முனையில் போஜராஜ், கீழ்முனையில் தவராசா.
நடுவே முந்நூறு மீட்டர், ஒரு கொண்டைஊசி வளைவு,
பத்து மணிக்கே ஏறிவிடும் மூடுபனி.
வேலை நேரத்தில்
ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததில்லை.

அவர்களுக்கென்று இருந்தது ஒரு பச்சைக் குச்சி.
வரிசையின் கடைசி வண்டியிடம் கொடுத்தனுப்புவார்கள்.
குச்சி வந்து சேர்ந்தால் பாதை உன்னுடையது.
கொடுப்பதும் வாங்குவதும் ஒரே செயலின் இரு பாதி.
ஒரு கை நீண்டு மறு கை வராவிட்டால்
எதுவும் நடக்கவில்லை என்று பொருள்.
இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆறு வருட ஆராய்ச்சி,
அவர்களுக்கு முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்.

பனிக்குள் நடப்பதற்கு எங்கள் கணக்கில்
ஒரு கிரேக்க எழுத்து உண்டு: டௌ.
வெளியே கேட்காத செயல்.
லாரி கியர் மாற்றுகிறது, டௌ.
காட்டெருமை சாலை நடுவே நின்று யோசிக்கிறது,
டௌ, டௌ.
எத்தனை என்று எண்ணுவதில்லை நாங்கள்.
வண்டி வெளியே வந்ததா, அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை, தூறல்.
தவராசா பிளாஸ்டிக் தாளைத் தலைக்கு மேல் இழுத்துக் கட்டிய நொடியில்
கேரட் ஏற்றிய பிக்கப் ஒன்று
குச்சியை டேஷ்போர்டில் வைத்தபடியே
மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிவிட்டது.
குச்சி கீழே இருக்கிறதென்று மேலே போஜராஜ் நின்றார்.
குச்சி மேலே இருக்கிறதென்று கீழே தவராசா நின்றார்.
இருவரும் விதியைச் சரியாகக் கடைப்பிடித்தார்கள்.
அதனால்தான் ஐம்பது நிமிடம்
ஒரு சைக்கிள்கூட நகரவில்லை.

அடுத்த வாரம் பெட்டி வந்தது.
மஞ்சள் பெயின்ட், இரண்டு விளக்கு, சோலார் தகடு.
பழையதும் புதியதும் ஒன்றுதான் என்று எழுதித் தர
கோவையிலிருந்து என்னை வரவழைத்தார்கள்.

நான்கு நாள் நோட்டில் குறித்தேன்.
ஹாரன், விடு.
ஹாரன், நிறுத்து.
ஹாரன், நிறுத்து, ஹாரன், விடு.
கொடிக்காரர்கள் தந்த வரிசை ஒவ்வொன்றையும் பெட்டி தந்தது.
பெட்டி தந்ததையெல்லாம் அவர்களும் ஏற்கெனவே தந்திருந்தார்கள்.
உதவிப் பொறியாளர் ஜெரீனா கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்தார்.

இன்னொரு சோதனை இருக்கிறது, என்றேன்,
விளையாட்டு மாதிரி.
நான் ஒரு பக்கம் அடி வைப்பேன்,
நீங்கள் மறுபக்கம் அதே அடி வைக்க வேண்டும்.
நின்ற இடத்திலிருந்து மறுபடி.
எப்போது வேண்டுமானாலும் நான் பக்கம் மாறலாம்.
வைக்க அடியில்லாமல் நீங்கள் நின்றுவிட்டால்
இரண்டும் ஒன்றல்ல.

பெட்டிக்கு முன் ஒரு ஹாரன் அடித்தேன்.
உள்ளே ஒரு ரிலே டிக் என்றது. சிவப்பு, முடிந்துவிட்டது.
தவராசா முன்னால் ஜெரீனா ஒரு ஹாரன் அடித்தார்.
அவர் கை பாதி உயர்ந்து நின்றது,
எந்தப் பக்கம் என்று அதற்கே தெரியாமல்.
பக்கம் மாறினேன்.
பின்னால் ஆம்புலன்ஸ் அண்ணே, விடுங்க.
விட்டார்.
ஜெரீனா பெட்டியைப் பார்த்தார்.
பெட்டி சிவப்பாகவே இருந்தது.

சொன்ன சொற்கள் இரண்டுக்கும் ஒன்றே.
எந்த நொடியில் மனசு முடிவானது என்பது
நோட்டில் விழுவதில்லை.

“ஆம்புலன்ஸ் மாசத்துக்கு எத்தனை வரும்?” என்று கேட்டார்.
என்னிடம் எண் இல்லை.
பெட்டி அங்கேயே இருந்தது.
போஜராஜ் தேயிலை லோடுக்குப் போனார்,
தவராசா எங்கே என்று தெரியவில்லை. டௌ.

நான் கிளம்பிய காலை
அந்தப் பிக்கப் மேலே வந்தது, காலி டிரேக்களோடு.
டிரைவர் இறங்கி, தலையைச் சொறிந்து,
மன்னிப்புச் சிரிப்போடு
பச்சைக் குச்சியைப் பனிக்குள் நீட்டினார்.
வாங்கிக்கொள்ளும் செயல் பெட்டியில் எழுதப்படவில்லை.
கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றார்.
விளக்கு பச்சையானது.
பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள்.